கல்லில் வெட்டிய ஒளிவாய்க்கால்

1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில், அமெரிக்க தேசத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய சகாக்கள் மூவரும் எழுதிய இரண்டே பக்கக் கட்டுரை ஒன்று இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் அதில் அச்சாகியிருக்கும் படத்தைக் கண்டு சற்றுத் திகைத்துத்தான் போவார். நிறமாலைக் கருவியின் புகைப்படத் தகட்டிலிருந்து எடுத்த படம் அது. ஒரு பக்கத்தில் மாணிக்க லேசரின் சிவப்பொளி பட்டுப் பூதாகாரமாகப் படர்ந்த திட்டு; அதற்கு வெகுவாகத் தள்ளி, அலைநீள அளவுகோலில் 3472 ஆங்ஸ்ட்ராம் என்னும் இடத்தைச் சுட்டிக்காட்டும் ஓர் அம்புக்குறி. அம்பின் நுனியில் எதுவுமே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அனுப்பிய படத்தில் அவ்விடத்தில் கடுகிலும் சிறிய புள்ளி ஒன்று இருந்தது. அந்தப் புள்ளிதான் கட்டுரையின் ஜீவன். அச்சுக்குப் படத்தை ஆயத்தம் செய்தவர்கள் அதனை அழுக்கென்று எண்ணி அகற்றிவிட்டார்கள்.

ஒற்றை ஃபோட்டான் இரண்டாகப் பிளந்து இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கும் வித்தையை, இன்று விரல்நகம் அளவேயான சில்லின்மேல் அன்றாடம் நிகழ்த்துகிறார்கள். அந்த வித்தையின் பூர்வகதையை எழுதப் புகும்போது, துடைத்தெறியப்பட்ட அந்தப் புள்ளியிலிருந்து தொடங்குவதே முறை என்று நான் கருதுகிறேன். ஏனெனில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நீளும் இந்தக் கதை நெடுகிலும், ஒரு தலைமுறை அழுக்கென்றும் இரைச்சலென்றும் ஒதுக்கியதை அடுத்த தலைமுறை குனிந்தெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதையே திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

அந்தப் புள்ளி எதைக் குறித்தது? கண்ணாடியினூடே செல்லும் சிவப்பொளி மறுபுறம் சிவப்பாகவே வெளிவரும் என்பதும், இரண்டு விளக்குகளின் கதிர்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றாலும் ஒன்றால் மற்றொன்று சிறிதும் பாதிக்கப்படுவதில்லை என்பதும் மனிதன் நெருப்பை மூட்டிய காலந்தொட்டு அறிந்த உண்மைகள். ஆனால் 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் கலிபோர்னியாவில் மாலிபு என்னும் கடற்கரை ஊரில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டபோது, அதுகாறும் உலகம் கண்டிராத உக்கிரமான ஒளி மனிதன் கைக்கு வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகிவிட்டால், பாடகர் பாடாத கீச்சுக்குரல்களும் பாட்டோடு சேர்ந்து வெளிவருவதை நாம் கேட்டிருக்கிறோம். தாங்கக்கூடிய எல்லைக்குள் இருக்கும்வரை கொடுத்ததற்கேற்ற விகிதத்தில் அதிரும் ஒலிபெருக்கித் தகடு, எல்லை மீறியதும் விகிதம் தவறிக் குமுறுகிறது. படிகத்துள் இருக்கும் எலெக்ட்ரான்களும் அவ்வாறே. ஃபிராங்கன் குழுவினர் சுமார் 3 ஜூல் சக்தியுள்ள மாணிக்க லேசர்த் துடிப்பை, நம் முன்னோர் ஸ்படிகம் என்று பெயரிட்டு மாலையாகக் கோத்த அதே குவார்ட்ஸ் கல்லினுள் குவித்தார்கள். சிவப்பொளியின் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றுகூடி, அலைநீளம் சரிபாதியான புற ஊதா ஃபோட்டானாக வெளிவந்தன. தகட்டில் விழுந்த புள்ளி அதுதான். கொடுத்ததற்கேற்ற விகிதத்தில் நடவாத காரணத்தால் இத்துறைக்கு நேரியலற்ற ஒளியியல் என்று பெயர் வந்தது.

இரண்டு சேர்ந்து ஒன்றாகுமானால் ஒன்று பிளந்து இரண்டாகவும் கூடுமல்லவா? கணக்கு அதற்கு இடம் கொடுத்தது. வில்லியம் லூயிசெல், அம்னான் யாரிவ், அந்தோணி சீக்மன் ஆகிய மூவரும் அதே 1961ஆம் ஆண்டில், இவ்வகைச் சேர்க்கையைக் கொண்டு மெல்லிய சமிக்ஞைகளைப் பெருக்கும் சாதனங்களில் எழக்கூடிய குவாண்டம் இரைச்சலைக் கணக்கிட்டார்கள். பெருக்குவதற்கு உள்ளே ஒன்றையும் அனுப்பாதபோதும் அந்தச் சாதனம் சும்மா இராது, தானாகவே சிறிது ஒளியைக் கசியவிடும் என்று அவர்களுடைய கணிதம் கூறியது. முழு இருட்டிலும் ஒளியின் சலனம் அடியோடு ஓய்ந்துவிடுவதில்லை. அந்த ஓயாத சலனமே தூண்டுகோலாக, உட்புகும் ஃபோட்டான்களில் எங்கோ ஒன்று தன் சக்தியை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறது. இன்று ஆய்வுக்கூடங்கள் தவமிருந்து தேடும் ஒளி இதுவே. அன்று அது பெருக்கியின் குறைபாடாக, இரைச்சல் என்ற தலைப்பின் கீழ் எழுதி வைக்கப்பட்டது.

அந்த ஒளியைக் கண்ணால் கண்டது 1967ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூன்று இடங்களில். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் ஹாரிஸ், ஓஷ்மன், ராபர்ட் பையர் ஆகியோரும், கார்னெலில் மக்டேயும் மாரும், மாஸ்கோவில் அக்மனோவ், கோக்லோவ் முதலியோரும் தனித்தனியே கண்டார்கள். ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் ஆர்கான் லேசரின் நீலப்பச்சைக் கதிரை லித்தியம் நையோபேட் படிகத்துள் செலுத்தியபோது, அக்கதிரில் இல்லாத புது நிறம் படிகத்திலிருந்து மங்கலாக ஒளிர்ந்தது. படிகத்தின் உஷ்ணத்தை மாற்ற மாற்ற அந்த நிறமும் மாறிக்கொண்டே சென்றது. இந்த லித்தியம் நையோபேட் பூமியில் வெட்டியெடுக்கக் கிடைக்காத கல். உருகிய குழம்பின் மேற்பரப்பில் விதைப்படிகத்தைத் தொட்டுச் சுழற்றியபடியே மெல்ல மெல்ல மேலே இழுத்து, மனிதன் தன் கையால் வளர்த்தெடுப்பது. அதை அவ்வாறு வளர்க்கும் முறை 1965ஆம் ஆண்டளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கைவந்தது. இக்கதையின் எஞ்சிய பகுதியில் பெரும்பாலும் இந்தக் கல்லே நம்முடன் வரும்.

மங்கலாகத் தெரிந்த அந்த ஒளி மெய்யாகவே ஜோடி ஜோடியாகப் பிறக்கிறதா என்று யாரும் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியவர்கள் டேவிட் பர்ன்ஹாம், டொனால்டு வெயின்பர்க் என்னும் இருவர். மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் நாசா 1964ஆம் ஆண்டு தொடங்கிய மின்னணு ஆய்வு நிலையத்தில் அவர்கள் பணியாற்றினார்கள். அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்னும் உப்புப் படிகத்தினுள் 325 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹீலியம்-காட்மியம் லேசர்க் கதிரைச் செலுத்தி, மறுபுறம் இரண்டு உணர்கருவிகளை வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் விழும் ஒளியடிகளை மட்டும் எண்ணினார்கள். அவர்களுடைய பரிசோதனையின் அழகு, எங்கே ஜோடி கிடைக்கிறது என்று காட்டியதைக் காட்டிலும், எங்கே கிடைப்பதில்லை என்று காட்டியதில் இருக்கிறது. பிறந்த இரண்டின் சக்தியும் சேர்ந்து தாயின் சக்திக்குச் சமமாக வேண்டும். இரண்டின் உந்தமும் சேர்ந்து தாயின் உந்தமாக வேண்டும். இந்த இரண்டு நியதிகளும் விதித்த கோணத்திலும் நிறத்திலும் கருவிகளை நிறுத்தினால் ஜோடிகள் வந்து விழுந்தன. ஒன்றைச் சிறிது நகர்த்தினாலும், ஒன்றின் பாதையில் மட்டும் காலதாமதம் சேர்த்தாலும், ஜோடிகள் மறைந்து, தற்செயலாக இரண்டு அடிகள் ஒத்துப்போகக்கூடிய சொற்ப எண்ணிக்கையே மிஞ்சியது. ஃபோட்டான் இரண்டாகப் பிளக்கிறது என்ற வாக்கியம் அன்றோடு கணிதப் பேச்சாக இருந்த நிலை மாறிப் பிரத்தியட்ச உண்மையாயிற்று.

அவர்களுடைய கட்டுரை 1970ஆம் ஆண்டு ஜூலை மாதம் அச்சேறியது. அவர்கள் பணியாற்றிய நிலையமோ அதற்கு முந்திய ஜூன் மாதம் 30ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. குழந்தை பிறக்கும் முன்பே வீடு கைவிட்டுப் போயிற்று. சந்திரனுக்கு மனிதனை அனுப்பி ஓராண்டு நிறைவதற்குள் நிகழ்ந்த அந்தச் செலவுக் குறைப்பில், இவ்வுலகில் ஒளி இரட்டையரை முதன்முதல் எண்ணிய மேஜையும் கலைந்தது என்பதை நினைக்கையில் என் மனம் கனக்கிறது. அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்து மேலே நடத்திச் செல்ல ஆட்கள் வருவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் சென்றன.

வந்தவர்களில் முதன்மையானவர் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து லியோனார்டு மாண்டெல். 1986ஆம் ஆண்டில் ஹாங் என்னும் சகாவுடன் சேர்ந்து, ஜோடியில் ஒன்றைப் பிடித்தால் மற்றது தன் பாதையில் தவறாமல் வருகிறது என்பதைப் பயன்படுத்தி, ஒற்றை ஃபோட்டானை உறுதியோடு கைக்கொள்ளும் உபாயத்தை அவர் செய்து காட்டினார். அரசன் வரும் முன்னே கட்டியக்காரன் வந்து அறிவிப்பதைப் போல, முதலில் பிடிபட்டது மற்றதன் வருகைக்குக் கட்டியம் கூறுகிறது. மறு ஆண்டில் ஹாங், ஊ, மாண்டெல் மூவரும், ஜோடியின் இரண்டு ஃபோட்டான்களையும் பாதி வெள்ளி பூசிய கண்ணாடி போன்ற ஒரு பிரிப்பானின்மேல் இருபுறமிருந்தும் ஒரே கணத்தில் வந்து சேரும்படி செய்தார்கள். தனித்தனி வழியே பிரிந்து செல்ல எல்லாச் சுதந்திரமும் இருந்தும் அவை எப்போதும் ஒரே வாசல் வழியாகவே சேர்ந்து வெளியேறின. பிரிந்து சென்ற இரண்டு துகள்களின் நிலைகள் ஒன்றோடொன்று கட்டுண்டே இருக்கும் குவாண்டம் பிணைப்பைச் சோதிப்பதற்கு அதுவரை உதவிய கால்சியம் அணுக்கற்றைகளை விட்டு, ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாகப் படிகத்துக்கு மாறின. ஜெனீவாவில் நிக்கோலா ஜிசானின் குழுவினர், சுவிட்சர்லாந்துத் தொலைபேசி இலாகாவின் கண்ணாடி இழைகள் வழியே ஜோடியைப் பிரித்தனுப்பி, 10.9 கிலோமீட்டர் இடைவெளியுள்ள பெல்வியூ, பெர்னெக்ஸ் என்னும் இரண்டு கிராமங்களில் நின்று அந்தப் பிணைப்பு அறுபடாமல் இருப்பதைக் கண்டு 1998ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

ஆயினும் படிகம் மிகவும் கருமியான தாய். கோடிக்கணக்கில் உட்புகும் ஃபோட்டான்களில் ஏதோ ஒன்றே பிளக்கிறது. பிளந்து பிறந்தவையும் கூம்பு வடிவில் எல்லாத் திசைகளிலும் சிதறிப்போவதால் அவற்றுள் சிலவே இழைக்குள் அகப்படுகின்றன. இந்தக் கருமித்தனத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுக்கும் பரிகாரம் கண்ட கதைதான் சில்லின் கதை.

முதற்காரணம், காலடி ஒவ்வாமை. படிகத்துள் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. ஊஞ்சலை ஆட்டுகிறவன் அது தன்னை விட்டு விலகும் தருணம் பார்த்துத் தள்ளினால் வீச்சு வளரும். தாளம் பிசகி, எதிரே வரும் சமயத்தில் தள்ளினால் தான் வளர்த்ததைத் தானே அழிப்பான். தாயொளியும் பிள்ளையொளியும் சில மைக்ரான் தூரம் சென்றதுமே காலடி தவறிவிடுவதால், முதல் மைக்ரான்களில் பிறந்ததை அடுத்த மைக்ரான்கள் விழுங்கிவிடுகின்றன. படிகத்தைத் தக்க கோணத்தில் அறுத்தும், சூடேற்றியும் இதைச் சமாளித்து வந்தார்கள். ஆனால் ஹார்வர்டில் நிக்கோலஸ் புளோம்பெர்கனும் அவருடைய தோழர்களும் 1962ஆம் ஆண்டிலேயே வேறொரு யோசனையை எழுதி வைத்திருந்தார்கள்: காலடி தவறும் இடம் வந்ததும் படிகத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டால், தள்ளும் திசையும் மாறி, கெடுதலாக இருந்தது மீண்டும் உதவியாகிவிடும். தாளம் பிசகிய ஆட்டக்காரன் மறுபக்கம் போய் நின்று தள்ளுவதற்கு இதை ஒப்பிடலாம். யோசனை எளியது, சில மைக்ரானுக்கு ஒரு முறை படிகத்தைத் திருப்புவது எப்படி? அந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1967இல் ஸ்டான்ஃபோர்டில் அந்த மங்கல் ஒளியைக் கண்ட மூவருள் ஒருவராகிய பையரே, பிற்காலத்தில் மார்ட்டின் ஃபெயர் முதலியவர்களுடன் அதே ஊரில் இந்த விடையைத் தேடியவர்களுள் முன்னணியில் நின்றார் என்பது இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சங்களில் ஒன்று.

லித்தியம் நையோபேட்டில் ஒவ்வொரு லித்தியம் அயனியும் ஆக்ஸிஜன் தளத்துக்கு ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருக்கிறது. கல்லுக்கு மேல் கீழ் என்ற திசை இருப்பது அதனால்தான். 1993ஆம் ஆண்டில் ஜப்பானில் சோனி நிறுவனத்தைச் சேர்ந்த யமாடாவும் சகாக்களும், வெளியிலிருந்து மின்புலம் கொடுத்தே அந்த அயனிகளைத் தளத்தின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடலாம் என்று செய்து காட்டினார்கள். இந்த வேலையைக் கிட்டே நின்று பார்த்தால், நுட்பமான பட்டறை வேலைக்கே உரிய பதற்றமும் பொறுமையும் அதில் இருப்பது தெரியும். அரை மில்லிமீட்டர் கனமுள்ள வட்டத் தகடு ஒன்றின் முகத்தில், ஒளி பட்டால் குணம் மாறும் ஒருவகை மெழுக்கைப் பூசி, பத்துப் பன்னிரண்டு மைக்ரானுக்கு ஒரு வரியாகக் கோடுகள் திறந்துவிடுகிறார்கள். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் இத்தகைய கோடுகள் ஐந்தாறு அடங்கிவிடும். பிறகு, தகட்டின் இருபுறமும் உப்புக் கரைசல் தொட்டு நிற்க, பதினாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சின்னஞ்சிறு துடிப்பாகக் கொடுக்கிறார்கள். மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 21 ஆயிரம் வோல்ட் என்ற வரம்பைத் தாண்டியதும், திறந்த கோடுகளின் கீழே கல் புரளுகிறது. புரண்ட அளவை அதனூடே ஓடிய மின்னேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டு, சரியான கணத்தில் நிறுத்திவிட வேண்டும்; கொஞ்சம் மிஞ்சினால் கோடுகள் பக்கவாட்டில் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் கோடு அடிவரை இறங்காது. முடிந்தபின் தகட்டைப் பார்த்தால் முன்போலவே தெளிந்த கண்ணாடிதான். புரண்டதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. மாதிரித் துண்டு ஒன்றை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இட்டால், புரண்ட பகுதியை ஒரு வேகத்திலும் புரளாததை மற்றொரு வேகத்திலும் அமிலம் அரிக்க, உழுத வயலின் சால்கள் போல வரிவரியாக மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும்.

யமாடா குழுவினர் இதைச் செய்தது ஃபோட்டான் ஜோடிக்காக அல்ல. அகச்சிவப்பு லேசரிலிருந்து நீல ஒளியை உண்டாக்குவதற்காக. சில ஆண்டுகளிலேயே சுஜி நாகமுரா காலியம் நைட்ரைடிலிருந்து நீல லேசரை நேராகவே வரவழைத்துவிட, அந்த முதல் நோக்கம் பெரிதும் வலுவிழந்தது. கைத்திறன் மட்டும் மிஞ்சியது. மிஞ்சியதை எடுத்துக்கொண்டவர்களில் நம் இரட்டையரைத் தேடியவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது காரணம், ஒளியின் அலைந்து திரியும் சுபாவம். உக்கிரம் வேண்டி ஒளியை ஊசிமுனையாகக் குவித்தால் அது அடுத்த கணமே விரிந்துவிடும். விரியாமல் நெடுந்தூரம் செல்லவேண்டுமானால் குவிக்காமல் விடவேண்டும். வாய்க்கால் வெட்டி அதற்குள்ளேயே ஓடவிட்டால் இந்தச் சங்கடம் தீரும். ஒளிக்கும் வாய்க்கால் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர் ஜெனீவாவைச் சேர்ந்த டானியல் கொலாடன்; பீப்பாயின் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி, நீர் வளையும் வழியெல்லாம் ஒளியும் வளைந்து செல்வதை அவர் 1842ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். சுற்றியுள்ள பொருளைக் காட்டிலும் ஒளிவிலகல் எண் அதிகமான பாதையொன்று கிடைத்தால், ஒளி அதன் கரைகளில் மோதி மோதி உள்ளேயே திரும்பும் என்பதுதான் சூட்சுமம். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்டூவர்ட் மில்லர், மின்சுற்றுகளைச் சிலிக்கான் துண்டில் பதிப்பது போல ஒளிச்சுற்றுகளையும் சிறு தகட்டில் பதிக்கலாம் என்று எழுதி, அந்த முயற்சிக்கு ஒருங்கிணைந்த ஒளியியல் என்று நாமகரணமும் செய்தார். 1974இல் அதே கூடத்தினர் லித்தியம் நையோபேட்டின்மேல் டைட்டானியக் கோடு இழுத்துச் சூளையில் சுட்டு, உலோகம் கல்லுக்குள் ஊறி இறங்கிய இடத்தையே வாய்க்காலாக்கினார்கள்.

1982ஆம் ஆண்டில் அதைவிட எளிய வழி ஒன்று வந்தது. தகட்டின்மேல் வாய்க்கால் செல்ல வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, உருகிய பென்சாயிக் அமிலத்தில் முக்கி வைத்தால், கல்லிலிருந்து லித்தியம் வெளியேறி, அமிலத்தின் ஹைட்ரஜன் உட்புகுந்து, அந்தக் கோட்டின் ஒளிவிலகல் எண்ணை உயர்த்திவிடும். இந்தப் பென்சாயிக் அமிலம் வேறொன்றுமில்லை, நாம் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் புகைக்கும் சாம்பிராணியிலிருந்து பழங்காலத்தவர் வடித்தெடுத்த அமிலமே. அதன் பெயரும் அந்தப் பிசினின் ஐரோப்பியப் பெயரிலிருந்து வந்ததுதான். இன்று அதை ஆலைகளில் வேறு வழியாகச் செய்கிறார்கள் என்றாலும், பூஜை அறையின் வாசனை ஒளிவாய்க்கால் வெட்டும் அறை வரையில் உறவு கொண்டாடுவதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பிரான்சின் தென்கரையில் நீஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தே மிக்கேலி, ஆஸ்ட்ரோவ்ஸ்கி முதலியோர் இந்த ஹைட்ரஜன் மாற்றுமுறையில் தேர்ந்தவர்கள். அவர்கள் புரட்டப்பட்ட கோடுகளின் குறுக்கே வாய்க்காலை ஓட்டினார்கள். செபாஸ்டியன் தான்சில்லி என்னும் இளைஞர் அந்தத் துண்டை வைத்து ஜெனீவா குழுவினருடன் சேர்ந்து ஜோடிகளை எண்ணினார். கொலாடனுடைய ஊருக்கு ஒளிவாய்க்கால் நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் கல்லுருவில் திரும்பி வந்தது. 2001ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய கணக்கைப் பாருங்கள்: 657 நானோமீட்டர் சிவப்பொளி, அதுவும் சில மைக்ரோவாட் மட்டுமே, வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையைச் சுட்டும் லேசரின் சக்தியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு, உட்புகுந்த பத்து லட்சம் ஃபோட்டான்களுக்கு ஒன்று வீதம் பிளந்து, கண்ணாடி இழைகளில் எளிதாகச் செல்லும் 1314 நானோமீட்டர் அகச்சிவப்பு இரட்டையராயிற்று, இரண்டு கருவிகளும் ஒருசேர அடித்த எண்ணிக்கை விநாடிக்குச் சுமார் 1,500. முந்திய திறந்த படிகங்களைவிடப் பதினாயிரம் மடங்கு அதிகம். அதே ஆண்டில் ஜப்பானிலும் சனாகா, கவஹாரா, குகா ஆகியோர் இத்தகைய வாய்க்காலிலிருந்து ஜோடிகளைப் பெற்றார்கள். பர்ன்ஹாமும் வெயின்பர்க்கும் கோணம் கோணமாகக் கருவிகளை நகர்த்தித் தேடிய பிள்ளைகள் இப்போது இருவரும் ஒரே வாய்க்காலின் கடைமுனையில் வந்து நின்றார்கள்.

இதற்கிடையே மற்றொரு கிளையும் வளர்ந்து வந்தது. கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் லித்தியம் நையோபேட்டைப் போல மேல் கீழ் என்ற திசைபேதம் கிடையாது. ஆகவே அவற்றில் ஒன்று இரண்டாகப் பிளப்பதில்லை. அங்கே இரண்டு தாய்கள் ஒருங்கே மறைந்து, ஒன்று சற்று நீலம் நோக்கியும் மற்றொன்று சற்றுச் சிவப்பு நோக்கியுமாக இரண்டு பிள்ளைகள் பிறக்கின்றன. நாலலைக் கலப்பு என்று இதற்குப் பெயர். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரேம் குமாரின் குழுவினர் 2002ஆம் ஆண்டில் சாதாரணக் கண்ணாடி இழையிலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் எண்ணிக்கையில் ஜோடியற்ற ஒற்றைகள் ஏராளமாக வந்து கலந்தன. அந்த ஒற்றைகளுக்குக் காரணம் யாது? நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் உழைத்து, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில் கண்ட அதே ஒளிச்சிதறல்! கண்ணாடியின் மூலக்கூறுகளில் மோதி நிறம் மாறிச் சிதறும் ராமன் ஒளி, இரட்டையர் பிறக்கும் அதே நிறப்பரப்பில் வந்து விழுகிறது. ஒரு காலத்தில் நோபல் பரிசு பெற்றுத் தந்த மெல்லொளி இன்னொரு காலத்தில் துடைத்தாக வேண்டிய அழுக்காயிற்று. மூலக்கூறுகளின் அதிர்வை அடக்குவதற்காக இழையைத் திரவ நைட்ரஜனில் மூழ்கடித்துக் குளிர்வித்தவர்களும் உண்டு. ராமன் உயிரோடிருந்தால் இதற்காக வருந்தியிருப்பார் என்று நான் எண்ணவில்லை. தம் ஒளி எங்கே எவ்வளவு விழும் என்று எல்லாரையும் துல்லியமாகக் கணக்கிட வைத்ததில் அவருக்கு நிறைவே இருந்திருக்கும்.

சிலிக்கான் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்தது. கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடப்பதால் ராமன் ஒளி பரந்து விழுகிறது. சிலிக்கானோ அணுக்கள் வரிசை தவறாத படிகம், ஆகையால் அங்கே அது தாயொளியிலிருந்து 15.6 டெராஹெர்ட்ஸ் தள்ளி ஒரே இடத்தில் குறுகி நிற்கிறது, அந்த இடத்தை விட்டு விலகிக்கொண்டால் போதும். 2006ஆம் ஆண்டில் கார்னெல், நார்த்வெஸ்டர்ன் ஆராய்ச்சியாளர்கள் சிலிக்கான் வாய்க்காலில் முதன்முதலாக ஜோடிகளைக் கண்டார்கள். வாய்க்காலின் அகலம் அரை மைக்ரான், உயரம் அதிலும் பாதி. இத்தனை குறுகிய இடத்தில் ஒளியை நெருக்கியதால் சிறு சக்தியே போதுமானதாயிற்று. கணிப்பொறிச் சில்லுகளை அச்சிடும் அதே ஆலைகள் இவற்றையும் அச்சிடக்கூடும் என்பது பெரிய கவர்ச்சி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில், ஒரே சில்லில் இரண்டு பிறப்பிடங்களை வைத்து அவற்றின் ஒளியை ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்தார்கள். 2018இல் பன்னாட்டுக் குழு ஒன்று அதே நகரத்தை மையமாகக் கொண்டு, 16 பிறப்பிடங்களும் 550க்கு மேற்பட்ட உறுப்புகளும் கொண்ட சில்லைச் செய்து முடித்தது. மாண்டெலின் காலத்தில் பெரிய மேஜை முழுவதும் பரப்பி, கண்ணாடி ஒவ்வொன்றையும் திருகாணியால் திருத்திவந்த அமைப்பு, இப்போது ஒருமுறை அச்சிட்டால் அசையாமல் நிற்கிறது.

சில்லிலும் தீராத கஷ்டம் ஒன்று தாயொளியை அப்புறப்படுத்துவது. 1550 நானோமீட்டரில் ஒரு மில்லிவாட் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 7,800 லட்சம் கோடி ஃபோட்டான்கள். அவற்றிடையே விநாடிக்குச் சில ஆயிரமோ லட்சமோ பிறக்கும் இரட்டையரைக் காணவேண்டுமானால், தாயொளியை ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் கீழாகக் குறைத்தாக வேண்டும். நாலலைக் கலப்பில் தாயும் பிள்ளைகளும் அடுத்தடுத்த நிறங்களாக இருப்பதால் இது இன்னும் கடினம். ஜோடி எப்போது பிறக்கும் என்று சொல்லவும் முடியாது. அதிகம் பிறக்கட்டும் என்று தாயொளியைக் கூட்டினால் ஒரே சமயத்தில் இரண்டு ஜோடிகள் பிறந்து கணக்கைக் குழப்பிவிடும். பல பிறப்பிடங்களை அருகருகே வைத்து, எதில் கட்டியம் கேட்கிறதோ அதற்கு மட்டும் வழி திறந்துவிடும் ஏற்பாடுகளில் இன்று பலர் முனைந்திருக்கிறார்கள்.

லித்தியம் நையோபேட்டும் ஓய்ந்துவிடவில்லை. அயனிகளைக் கல்லுக்குள் எய்து, அவை போய்ப் படிந்த ஆழத்தில் மெல்லிய ஏடாக உரித்தெடுக்கும் முறையை 1990களின் இறுதியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இந்தக் கல்லுக்கும் பொருத்திக் காட்டினார்கள். பின்னர் மைக்ரானுக்கும் குறைந்த கனமுள்ள அவ்வேடுகள் கண்ணாடிப் படுகையின்மேல் ஒட்டப்பட்டு விலைக்கே கிடைக்கலாயின. வெட்டுவதற்குப் பிடி கொடுக்காது என்று நெடுநாள் பெயரெடுத்த அந்த ஏட்டில், ஹார்வர்டில் மார்கோ லொன்சாரின் குழுவினர் முதலானோர் வழவழப்பான கரைகளோடு வாய்க்கால் வெட்டினார்கள். 2020ஆம் ஆண்டில் சான் டியேகோவில் முக்கர்ஜியாவின் குழுவினர், அத்தகைய ஏட்டில் சில மைக்ரானுக்கு ஒரு முறை புரட்டிய கோடுகளை இட்டு, பிணைப்புள்ள ஜோடிகளை மிகுந்த தூய்மையோடு பெற்று வெளியிட்டார்கள். அமிலத்தில் ஊறிய பழைய வாய்க்கால்களில் ஒளி சில மைக்ரான் அகலத்தில் சாவதானமாகச் சென்றது. புதியதில் அதைவிடப் பல மடங்கு நெருங்கிச் செல்கிறது.

இத்தகைய சில்லு வேலை செய்யும் மேஜையில் சில்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். செம்புத் தட்டின்மேல் ஒட்டிய சிறு துண்டு. அதன் இரு முனைகளிலும் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள் நுண்ணோக்கியின் கீழ் பசையிட்டு நிறுத்தப்பட்டிருக்கும். அடியில் உஷ்ணத்தைப் பத்தில் ஒரு டிகிரியும் மாறாமல் காக்கும் தகடு. பிறந்த ஃபோட்டான்களை எண்ணும் மீக்கடத்திக் கருவிகளுக்குத்தான் இன்னும் அந்தச் சிறுமை கைகூடவில்லை. அவை பக்கத்தில் ஆளுயரப் பெட்டிக்குள், தனிச்சுழியத்துக்கு மேல் இரண்டு மூன்று கெல்வின் அளவேயான ஹீலியக் குளிரில் இருக்கின்றன. அந்தக் குளிரை விடாமல் காக்கும் விசைக்குழாய் அறை முழுவதும் கேட்கும்படி விநாடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருக்கிறது.